எடைமேடைக் குழியில் இருந்த தலைப்பிரட்டைகள்

நைனா,

நல்லா இருக்கியா, சாப்பிட்டியா என்று ஆரம்பிக்கப் போவதில்லை. அதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனிலேயே கேட்டாகிவிட்டது. நீயும் வழக்கம்போல மூன்று வார்த்தையில் பதில் சொல்லி முடித்துவிட்டாய். அதற்கப்புறம் சொன்னாயே ஒன்று, அதுதான் நாலு நாளாக எனக்குச் சோறு இறங்கவிடாமல் பண்ணுகிறது. உன் பழைய வாத்தியார் கூப்பிட்டாராம். மலைப்பக்கம் தவளைகளை ஆராய்ச்சி பண்ணுகிற இடத்தில் உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறாராம். ஒன்றாம் தேதிக்குள் வருகிறாயா இல்லையா என்று சொல்ல வேண்டுமாம். நான் சந்தோஷத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீ, "நான் போவலம்மா. அந்த வேலைக்கு என் கை ஆவாது. என் கை பட்டா செத்துப்பூடும்," என்றாய். அப்புறம் யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று வைத்துவிட்டாய்.

உன் கை பட்டு ஒன்றும் சாகவில்லை நைனா. அந்த எடைமேடைக் குழியில் அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். ஏழு வருஷமாகத் தெரியும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் நீ "விடும்மா" என்று கட் பண்ணிவிடுவாய், இல்லாவிட்டால் நானே பாதியில் உடான்ஸ் விட்டுத் தப்பித்துவிடுவேன். கடிதத்தில் அந்த வசதி ரெண்டு பேருக்கும் இல்லை. பேசுகிற மாதிரியே எழுதலாம் என்று பார்த்தேன். பேனாவைப் பிடித்தால் பத்தாம் வகுப்புத் தமிழ் வாத்தியார் வந்து பக்கத்தில் நின்றுகொள்கிறார், 'கீது', 'வூடு' என்று எழுதக் கை வரவில்லை. அதனால் யாரோ பெரிய மனுஷி எழுதின கடிதம் என்று நினைத்துவிடாதே. உன் அம்மாதான்.

என் வேலையிலிருந்து ஆரம்பிக்கிறேன், அது இல்லாமல் இந்தக் கதையே இல்லை. உங்கப்பா இருந்தபோதும் சரி, குடித்துக் குடித்து ஈரல் வெந்து அவர் போனபிறகும் சரி, நம்மைக் காப்பாற்றியது கொசுதான். பச்சைக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, டார்ச் லைட்டும் நீளக் கைப்பிடி வைத்த வெள்ளைக் கரண்டியும் எடுத்துக்கொண்டு, கொருக்குப்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் வீடு வீடாக ஏறி இறங்குவேன். தண்ணீர்த் தொட்டி, டிரம், பழைய டயர், பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு, எல்லாவற்றிலும் கொசுப்புழு இருக்கிறதா என்று கரண்டியில் மொண்டு பார்ப்பேன். இருந்தால் புழு மருந்து. "இன்னா மேடம், எங்க வூட்டு தண்ணி இன்னா கலீஜா?" என்று சண்டைக்கு வருவார்கள். நானும் விட மாட்டேன். புழுவைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு எந்தக் கொசு என்று தெரியும். தண்ணீர் மட்டத்தோடு படுத்துக் கிடந்தால் மலேரியாக் கொசு. வாலில் இருக்கிற குழாயை மேலே நீட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கினால் மற்ற கொசு. யாரும் எனக்குப் பரீட்சை வைத்துச் சான்றிதழ் தரவில்லை, ஆனாலும் அதில் நான் தப்பே பண்ணியதில்லை.

நீ ஒன்பதாவது படித்தபோது நடந்தது நினைவிருக்கிறதா? மறந்திருக்க மாட்டாய், வாங்கின அடி அப்படி. அன்றைக்குக் கட்டிலுக்கு அடியில் கூட்டப் போனேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் வரிசையாக எட்டுக் குவார்ட்டர் பாட்டில். உங்கப்பா செத்து ரெண்டு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. எனக்குக் கண் இருட்டிவிட்டது. உள்ளே தண்ணீர் மாதிரி என்னவோ இருந்தது; மூடியைத் திறந்து முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை இறக்குவதற்குள் துடைப்பத்தை எடுத்துவிட்டேன். ஒரு சொல் பேசவிடாமல் அடித்தேன். நீ அழவும் இல்லை, ஓடவும் இல்லை. அடி ஓய்ந்த பிறகு ஒரு பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, "அடிச்சது போதும்மா, இத்த பாரு," என்றாய்.

பார்த்தேன். பாட்டிலின் தட்டைப் பக்கத்தில், உள்ளேயிருந்து ஒரு தலைப்பிரட்டை வாயை ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் படிந்திருந்த பாசியைச் சுரண்டிச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தது. உருண்டையான பாட்டிலில் எல்லாம் கோணலாகத் தெரியும், குவார்ட்டர் பாட்டில்தான் தட்டை, அதனால்தான் பொறுக்கிவந்தேன் என்று சொன்னாய். ஸ்கூல் லேபில் கேட்டு வாங்கின லென்ஸைக் கொடுத்து என்னையும் பார்க்கச் சொன்னாய். தலைப்பிரட்டைக்கு வாய் இருக்கிறது என்றே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். கடுகத்தனை வாய். நடுவில் கருப்பாக, கிளி மூக்கு மாதிரி வளைந்த ரெண்டு தாடை. அதற்கு மேலேயும் கீழேயும் கோடு கோடாகப் பல் வரிசை, ஒவ்வொரு கோட்டிலும் கண்ணுக்கு எட்டாத சின்னச் சின்னப் பற்கள். ஓரமெல்லாம் பொடி மொட்டுகள். அது வாயைத் திறந்து மூடும்போது அந்த வரிசைகள் எல்லாம் சேர்ந்து கண்ணாடியைச் சுரண்டின. துடைப்பம் இன்னும் என் இன்னொரு கையில் இருந்தது.

நீ எண்ணச் சொன்னாய். மேலே ரெண்டு, கீழே மூன்று என்றேன். "அப்ப அது தேரை," என்றாய். அடுத்த பாட்டிலில் மேலே ஒன்று, கீழே ரெண்டு. அது சாக்கடையில் கண்ணை மட்டும் வெளியே வைத்து மிதக்குமே, பயந்தால் தண்ணீர் மேலேயே தத்தித் தத்தி ஓடுமே, அந்தத் தவளை. இன்னொரு பாட்டிலில் தடிமாடு மாதிரி ஒன்று தனியாக இருந்தது. அதற்கு வாய் நிறையப் பல் வரிசை, தாடையும் ரம்பம். மழைக்கு மஞ்சளாக மாறிக் கத்துகிற பெரிய தவளையின் பிள்ளையாம், கூடப் போட்டால் மற்றதையெல்லாம் தின்றுவிடுமாம். கடைசிப் பாட்டிலில் இருந்ததற்கு உடம்பே கண்ணாடி, குடல் சுருண்டிருப்பதுகூடத் தெரிந்தது. அதற்குப் பல்லே இல்லை, தாடையும் இல்லை, தண்ணீரை உறிஞ்சி அதில் இருப்பதை வடிகட்டித் தின்கிற குட்டித் தவளை. மற்றதற்கெல்லாம் மூச்சுத் தண்ணீர் போகிற ஓட்டை உடம்பின் இடது பக்கம் இருந்தது, இதற்கு மட்டும் வயிற்றுக்கு அடியில் நடுவில். கால் முளைக்காத வரைக்கும் ஊரில் எல்லாருக்கும் அவை ஒரே கருப்புப் புள்ளிதான், வாயைப் பார்த்தால்தான் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும் என்றாய். அப்புறம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்:

"நீ புழுவுக்கு மூச்சுக்குழா பாக்குற. நான் இதுக்கு மூச்சு ஓட்டை பாக்குறேன். ரெண்டும் ஒரே வேலதாம்மா."

அடித்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டிய நேரம் அது. எனக்கு எங்கே வாய் வந்தது? முதுகில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து ஒயின்ஷாப் சந்தில் நானே பாட்டில் பொறுக்க ஆரம்பித்தேன். கோட்டைப் போட்டுக்கொண்டு மேடம் குவார்ட்டர் பாட்டில் பொறுக்குது என்று சிரித்தவர்களை என்ன பேசினேன் என்பதை எழுத முடியாது. வெந்நீர் ஊற்றிக் கழுவிக் கழுவிக் கொடுத்தேன். ஆனால் அன்றைக்கு விசாரிக்காமல் அடித்ததற்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், என் தப்பை என் வாயால் சொல்கிற பழக்கம் எனக்கு அப்போதே வந்திருக்கும். அந்தப் பழக்கம் இல்லாததுதான் பின்னால் உன் தலையில் விழுந்தது.

நீ விலங்கியல் படிக்கப் போனாய். தவளை படித்தால் தவளையா சோறு போடும் என்று உன் மாமா கேட்டார். துறைமுகத்தில் அவருக்குத் தெரிந்த இடத்தில் ஒரு வேலை இருக்கிறது, டிகிரி முடித்ததும் சேர்த்துவிடலாம் என்றார். நான் அவரிடம் உனக்காகச் சண்டை போட்டேன் என்றுதான் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். சண்டை போட்டது உண்மை. மனசுக்குள் அந்தத் துறைமுக வேலையை மடித்துப் பத்திரமாக வைத்துக்கொண்டதும் உண்மை. பக்கத்திலேயே இருப்பாய், சாயங்காலம் வீட்டுக்கு வருவாய், ராயபுரத்தில் ஒரு பெண்ணைப் பார்க்கலாம். இப்படியெல்லாம் நினைத்துக்கொள்வேன். தனியாக இருக்கப் பயம் நைனா எனக்கு. வாய்தான் பெரிசு.

எம்.எஸ்ஸி. கடைசி வருஷம் ஐப்பசியில் நீ இடுப்புவரைக்கும் சேறாக ஓடிவந்தாய். எண்ணூர் ஹைரோடு ஓரத்தில் மூடிப் போட்ட லாரி யார்டு, அதற்குள் லாரியை எடை போடுகிற மேடை இருந்த இடம். மேலே இருந்த இரும்புப் பலகையை எல்லாம் எவனோ பெயர்த்துக்கொண்டு போய், வெறும் சிமெண்டுக் குழிதான் மிச்சம். மழைக்கு மழை அது ரொம்பிவிடும். அங்கே ஒரு தலைப்பிரட்டை பார்த்தேன் என்று மூச்சிரைக்கச் சொன்னாய். நோட்டில் நீ வரைந்த படத்தைக் காட்டினாய். மேலே ஒரே வரிசை, அதுவும் நடுவில் அறுந்தது. கீழே ஒன்றே ஒன்று. ஒன்றல்ல, பிடித்ததெல்லாம் அப்படியே இருக்கிறது, இந்த மாதிரி வாய் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றாய். வாத்தியார் அவசரப்படாதே, அங்கேயே வளரட்டும், கால் முளைத்துத் தவளையாக ஆனபிறகு பேசுவோம், அதுவரை வெளியில் மூச்சு விடாதே என்றாராம். ஆனால் அவருக்கும் ஆசை வந்துவிட்டது, அது உன் பேச்சிலேயே தெரிந்தது. புது இனமாக மட்டும் இருந்தால் உன்னை வெளிநாட்டுக்கு அனுப்புவாராம், நாலு வருஷமாம். "இது மட்டும் புச்சா இருந்தா உன் பேரையே வெக்கிறேம்மா அந்தத் தவளைக்கு," என்று என் கன்னத்தைக் கிள்ளினாய். சேற்றுக் கையோடு கிள்ளினாய். நானும் சிரித்தேன். உள்ளே எனக்கு நாலு வருஷம் என்கிற வார்த்தை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

மூன்று வாரம் தினமும் போய்ப் பார்த்தாய். நானும் அடுப்படியில் நின்று மூன்று வாரம் தினமும் கேட்டேன், இன்றைக்குக் கால் வந்ததா என்று. ஒரு சாயங்காலம் பின்னங்கால் மொட்டு விட்டிருக்கிறது என்று வந்து சொன்னாய். பாஸ்போர்ட்டுக்கு என்ன என்ன வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு வந்ததையும் அதே மூச்சில் சொன்னாய்.

மறுநாள் காலை பதினோரு மணி இருக்கும். தூறல். என் ஏரியாவில்தான் இருந்தேன். அந்த வாரம் நம் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு பெண் குழந்தை காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தது, மேலே இருக்கிறவர்கள் எங்களைப் போட்டு ஏசிக்கொண்டிருந்தார்கள், தேங்கின தண்ணீர் ஒன்று விடாதே என்று. அந்தக் குழந்தைக்காகச் செய்தேன் என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். நிற்கவில்லை. அந்தக் குழந்தை மேல் பழியைப் போட மாட்டேன், அது வீட்டுக்கு வந்து, வளர்ந்து, இப்போது எட்டாவது படிக்கிறது. நான் உடைந்த மதில் வழியாக உள்ளே போனேன். குழி ஓரத்தில் நின்று பார்த்தேன். தலைப்பிரட்டைகள் மூச்சு வாங்க மேலே வருவதும் இறங்குவதுமாக இருந்தன, தண்ணீர் முழுக்கத் தூறல் விழுகிற மாதிரியே இருந்தது, எது மழை எது அதுகள் என்று தெரியவில்லை. கரண்டியில் மொண்டு பார்த்தேன். ஒரு கொசுப்புழு இல்லை. ஒன்றுகூட இல்லை நைனா. புழு இல்லாத தண்ணீருக்கு மருந்து தேவையில்லை, அது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் மருந்து பாட்டிலைத் திறந்தேன். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு மூடி கலக்கித் தெளிக்க வேண்டும். நான் கலக்கவும் இல்லை, அளக்கவும் இல்லை. அப்படியே கவிழ்த்தேன். அப்புறம் வெளியே வந்து, அன்றைக்குப் பார்க்க வேண்டிய மிச்ச வீடுகளைப் பார்த்து முடித்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் நீ திரும்பி வந்தபோது உன் முகத்தில் ரத்தமே இல்லை. எல்லாம் வெள்ளையாக வயிற்றைக் காட்டி மிதக்கிறது என்றாய். அப்புறம் என்னிடம் நேராகவே கேட்டாய்.

"ம்மா, நீ அங்க மருந்து எதுனா அடிச்சியா?"

"நான் எதுக்குடா அடிக்கப்போறேன்? அது என் லிஸ்ட்லயே இல்ல."

லிஸ்டில் இல்லை என்பது சத்தியமான வார்த்தை. பூட்டின யார்டு எங்கள் லிஸ்டில் வராது. பொய்யை உண்மைக்குள் வைத்துக் கொடுத்தேன், நீயும் வாங்கிக்கொண்டாய், ஏனென்றால் அம்மா லிஸ்டைத் தாண்டி எதுவும் செய்ய மாட்டாள் என்று உனக்குத் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் ரெண்டை மட்டும் கெடாமல் வைக்கப் பார்மலின் பாட்டிலில் எடுத்துக்கொண்டாயாம், கை கழுவும்போது குழி ஓரத்தில் பாட்டில் மூடியையும் கழுவினாயாம். அதுதான் உள்ளே இறங்கியிருக்கிறது, நான்தாம்மா கொன்னுட்டேன் என்றாய். அத்தனை பெரிய குழிக்கு ஒரு மூடி பார்மலின் எந்த மூலைக்கு? நீ படித்தவன், மற்ற நாளாக இருந்தால் நீயே கணக்குப் போட்டுச் சிரித்திருப்பாய். துக்கத்தில் இருக்கிறவனுக்குக் கணக்கு வராது. நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். உன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்து ரசம் ஊற்றினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை நான் உன் தட்டிலேயே செய்தேன். நீ சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனாய், ரொம்ப நேரம் கழுவினாய்.

எடுத்து வைத்த ரெண்டை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது, வளர்ந்த தவளை வேண்டும் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். நீ வேறு எதையோ எழுதிக் கொடுத்துப் பாஸ் பண்ணினாய். மூன்றே மாதத்தில் மும்பை போய்விட்டாய். உன்னை இங்கேயே வைத்துக்கொள்ளத்தான் மருந்தை ஊற்றினேன், அதனாலேயே போனாய். கன்டெய்னர் எந்தக் கப்பலில் ஏறுகிறது என்று கம்ப்யூட்டரில் பார்க்கிற வேலை. அதற்கு மும்பை எதற்கு, நம் ஹைரோட்டில் காலை நீட்டினால் கன்டெய்னர் ஏறுமே என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் வாயை மூடிக்கொண்டே கெட்டேன்.

இந்த ஏழு வருஷத்தில் நீ ஏழு தடவை வந்திருக்கிறாய், ஏழும் மே மாதம். லீவு அப்போதுதான் கிடைக்கிறது என்கிறாய். தவளை கத்தாத மாதமாகப் பார்த்து வருகிறாய் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. நீ வருகிறபோது ஊரே வெந்து கிடக்கும், குழாயில் காற்று வரும், குழியெல்லாம் பாளம் பாளமாக வெடித்திருக்கும். நாலு நாள் மின்விசிறிக்கு அடியில் படுத்துக்கொண்டு போனைப் பார்ப்பாய், நான் உன் காலையே பார்த்துக்கொண்டிருப்பேன். அப்புறம் போய்விடுவாய். ஐப்பசி பிறந்து முதல் மழை அடித்ததும் கூட்ஸ் யார்டு பக்கமிருந்து கத்த ஆரம்பிக்கும். இது தேரை, இது பெரிய தவளை, இது அந்தப் பல்லில்லாத குட்டி என்று நீ கட்டிலில் படுத்துக்கொண்டே சொல்வாயே, அதை இப்போது நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். உன் கட்டிலில் அரிசி மூட்டையை வைத்திருக்கிறேன். வெறும் கட்டிலைப் பார்க்க முடியவில்லை.

உனக்குத் தெரியாத இன்னொன்று. ஒவ்வொரு மழைக்கும் நான் அந்தக் குழிக்குப் போகிறேன். முட்டிவலி வந்து வேலையை விட்டபிறகும் ஷேர் ஆட்டோவில் போய்க் குச்சி ஊன்றி இறங்குகிறேன். உன் லென்ஸும் நோட்டும் என் பெட்டியில்தான் இருக்கின்றன. முதல் ரெண்டு வருஷம் குழியில் ஒன்றுமில்லை. கொசுப்புழு மட்டும் கொள்ளையாக இருந்தது. அதுகளைத் தின்றுகொண்டிருந்தவற்றை நான்தானே கொன்றேன். மூன்றாவது வருஷம் தேரை வந்தது. குவார்ட்டர் பாட்டிலில் போட்டு வாயை எண்ணினேன், மேலே ரெண்டு கீழே மூன்று. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அழுகிற கிழவியைப் பார்த்து லாரி கிளீனர் ஒருத்தன் தண்ணீர் வேண்டுமா ஆயா என்று கேட்டான்.

இந்த வருஷம் ஐப்பசியில் நீ நோட்டில் வரைந்த அந்த வாய் கிடைத்தது. மேலே ஒன்று, நடுவில் அறுந்தது. கீழே ஒன்றே ஒன்று. நோட்டைப் பக்கத்தில் வைத்து மூன்று தடவை எண்ணினேன். ஐந்தைப் பிடித்து வந்து, துணி துவைக்கிற நீல பேசினில், வெயிலில் வைத்த தண்ணீரில் விட்டேன். கீரையை வேகவைத்துப் போட்டேன். ஆறு வாரம் நான் வளர்த்த மாதிரி உன்னைக்கூட வளர்க்கவில்லை. வளர்க்கும்போதே ஒன்று கவனித்தேன். ஐந்துக்கும் ஒரே மாதிரி இல்லை. மூன்றுக்கு உன் படத்தில் இருக்கிறபடியே வாய். ஒன்றுக்குக் கீழே ஒன்றரை வரிசை. இன்னொன்றுக்குக் கீழே ரெண்டு வரிசையும் முழுசாக இருந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பின்னங்கால் வந்தது, அப்புறம் முன்னங்கால். இடது கை அந்த மூச்சு ஓட்டை வழியாகவே வெளியே வந்தது, நீ சொன்னபடியே. பல் வரிசை எல்லாம் உதிர்ந்தது. தின்பதை நிறுத்திவிட்டு வாலைக் கரைத்தே நாலைந்து நாள் உயிர் வைத்திருந்தன. கடைசியில் வால் போனது. நான் குனிந்து பார்த்ததும் ஐந்தும் பயந்து, தண்ணீர் மேலேயே தத்தித் தத்தி ஓடின.

அந்தத் தவளைதான் நைனா. சாக்கடையில் கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு மிதக்குமே, அதே. மேலே ஒன்று கீழே ரெண்டு இருக்க வேண்டிய வாய், அந்தக் குழித் தண்ணீரில் என்ன கலந்து கிடக்கிறதோ, பழுதாகிவிட்டிருக்கிறது. புது இனம் இல்லை. என் பேர் வைக்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை. அன்றைக்கு நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால் நீயே இன்னும் ஒரு மாதத்தில் இதைப் பார்த்திருப்பாய். ஒரு நாள் சோறு தின்னாமல் படுத்திருப்பாய். மறுநாள் அடுத்த குழிக்குப் போயிருப்பாய். அந்த ஒரு நாள் ஏமாற்றத்தை உனக்குக் கொடுக்காமல் ஏழு வருஷப் பழியைக் கொடுத்துவிட்டேன். அது சாதாரணத் தவளைதானே, அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை என்று சொல்ல வரவில்லை. நஷ்டம் தவளை இல்லை. மழையில் ஓடிவந்த என் பிள்ளை.

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்தபிறகு முதலில் வேறு ஒரு கடிதம் எழுதினேன். ரெண்டே வரி. உன் தவளை கிடைத்துவிட்டது, வளர்த்து வைத்திருக்கிறேன், ஓடி வா. அவ்வளவுதான். எழுதி மடித்துக்கூட வைத்துவிட்டேன். அதை அனுப்பியிருந்தால் அடுத்த ரயிலில் நீ இங்கே இருந்திருப்பாய், நானும் உனக்கு வஞ்சிரம் மீன் வாங்கக் காசிமேட்டுக்குக் கிளம்பியிருப்பேன். உன்னை ஒரு தடவை மழைக்காலத்தில் இந்த வாசலில் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. கிழித்துப் போட்டேன். ஏற்கெனவே ஒரு தடவை உன்னைப் பிடித்து வைக்கப் பார்த்துத்தான் இந்த லட்சணத்தில் இருக்கிறோம்.

அம்மா பொய் சொல்ல மாட்டாள் என்று இனிமேல் நம்பாதே. எதுவாவது செத்துப்போனால் முதலில் தண்ணீரை மொண்டு பார், உன் கையை அப்புறம் பார்க்கலாம். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து அது பாட்டிலோடு நின்றால், அடிக்கிறதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார். புத்திமதி என்று எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான், மூன்றும் நான் பண்ணின தப்பிலிருந்து வந்தவை. ஒன்றாம் தேதிக்கு முன்னால் உன் வாத்தியாருக்குப் போன் பண்ணி வருகிறேன் என்று சொல். என் மேல் கோபம் வரும், வரட்டும். அது தனி. அதை வைத்துக்கொண்டு இதை விடாதே. எத்தனை வருஷம் பேசாமல் இருந்தாலும் இரு, ஆனால் மலையில் போய் இரு. உன் கை நல்ல கை. அத்தனை அடி வாங்கியும் பாட்டிலை ஆடாமல் வெளிச்சத்துக்குப் பிடித்த கை அது, என் கண்ணால் பார்த்தேன்.

தவளைகளை நேற்றுக் குழியிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டேன். பேசினைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. ஆகவே இங்கே வந்து பார்க்கப் புதுசாக ஒன்றும் இல்லை. மருந்து ஊற்றின அம்மா ஒருத்திதான் இருக்கிறாள். அது தெரிந்தும் வருவதாக இருந்தால், மே மாதம் வராதே நைனா. மழைக்கு வா.

அம்மா